நாய்க்கு எழுதிக் கொடுத்த மூட்டுப் பொடி

போன வாரம் நிவேதா வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்றபின் மருந்தகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் அவள். பழனிசெட்டிபட்டியில் எனக்கு வீடு இருப்பதே ஊருக்கு மறந்துபோயிருக்கும். இவள் மட்டும் மறப்பதில்லை. பையைத் திறந்து சாப்பாட்டு மேஜையில் டப்பாக்களை அடுக்கினாள். எல்லாமே நாய்களின் மூட்டு வலிக்கு. பொடி ஒன்று, தைலம் ஒன்று, எலும்பு வடிவத்தில் பிஸ்கட் ஒன்று. பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் கோழிக் குழம்பு வாசம் அடித்தது. மஞ்சளும் அமுக்கராவும் சாம்பிராணிப் பிசினும் போட்டுச் செய்ததாக அட்டையில் எழுதியிருந்தது. இதில் கோழிக் குழம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரே திகைப்பு. நாற்பது வயதில் என் அத்தைக்கு முட்டி வலி வந்தபோது யாரும் அவருக்குக் கோழி வாசத்தில் மருந்து செய்து தரவில்லை.

“தினமும் யாராவது போனைக் காட்டி, இதைக் குடுக்கலாமான்னு கேக்குறாக மேடம். மூலிகைன்னா என்ன வேணா குடுக்கலாம்னு நெனைக்கிறாக. நான் என்னத்தச் சொல்ல?” என்று கேட்டாள் நிவேதா.

கொடுக்கலாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் காபி போடப் போயிருக்கலாம். முடியவில்லை. பொடி டப்பாவில் துள்ளிக் குதிக்கும் நாய்ப் படத்தைப் பார்த்ததும் ஈஸ்வரி ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். வருடங்கள் ஓடிவிட்டன, அந்தக் காலைப்பொழுது இன்னும் மறக்கவில்லை. நிவேதாவிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடம் கொஞ்சம் கத்தியும் சொன்னேன். எழுதும்போது கத்த முடியாது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் பக்கம் பக்கமாகப் படித்தோம். நாய்க்குப் படித்தது கொஞ்சம், அதிலும் பெரும்பகுதி வெறிநோய். மூட்டு வலி என்று ஒரு நாயை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று அப்போது சொல்லியிருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். வேலைக்கு வந்து, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மருந்தகத்தில் துரைராஜ் சாருக்குக் கீழே சேர்ந்த பிறகுதான் நாய்க்கும் கால் இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

துரைராஜ் சார் போடிக்காரர். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் அதே வெள்ளைச் சட்டையில்தான் வேலைக்கும் வருவார். சினை மாட்டுக்குள் தோள் வரை கை விட்டுப் பார்ப்பார், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சட்டையில் ஒரு பொட்டுச் சாணி இருக்காது. எப்படி என்று எனக்கு இன்று வரைக்கும் விளங்கவில்லை. மனிதர்களை ‘நீ’ என்பார், மிருகங்களை ‘நீங்க’ என்பார். “ஏப்பா, நீ தள்ளி நில்லு. ஐயா, நீங்க வாங்க” என்று ஒரு தெரு நாயைக் கூப்பிட்டதைக் கேட்டு முதல் நாளே எனக்கு வாய் பிளந்துவிட்டது.

நொண்டும் நாய் வந்தால் எடுத்தவுடன் தொட மாட்டார். உள்ளேயிருந்து ஒரு குட்டை முக்காலியைக் கொண்டுவந்து முற்றத்து மண்ணில் போட்டு உட்காருவார். அந்த உயரத்தில் உட்கார்ந்தால்தான் கால் தெரியும் என்பார். நாயைப் பிடித்திருப்பவர் கயிற்றைத் தொளதொளவென்று விட்டு, அவரை விட்டு விலகி நடக்க வேண்டும், பிறகு அவரை நோக்கி நடக்க வேண்டும், பிறகு குறுக்கே. முன்னங்கால் வலி என்றால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். பின்னங்கால் என்றால் அந்தப் பக்க இடுப்பு ஏறும். “காலைப் பாக்காத, தலையைப் பாரு” என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பிறகுதான் கை. நல்ல காலில் ஆரம்பிப்பார். கை என்ன செய்யப்போகிறது என்று நாய் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. விரலிலிருந்து மேலே ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டுவார். கண் முழுக்க நாயின் முகத்தில் இருக்கும். வலிக்கிற இடம் வந்தால் நாய் கடிப்பதற்கு முன் உதட்டை நக்கும், காதைப் பின்னால் மடக்கும். அங்கேயே கையை நிறுத்திவிடுவார். கடைசியில் ஒன்று செய்வார், அதுதான் எனக்குப் பிடிக்காது. நாயின் வாய்க்கு நேராக மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்ப்பார். காலையில் என்ன தின்றது என்று அதிலேயே சொல்லிவிடுவார்.

எல்லாம் முடிந்ததும் கேட்பார். “சோறு வைக்கிறது யாரு?”

கொண்டுவந்தவர் பெரும்பாலும் ஆண். “வீட்ல வைப்பாக சார்” என்பார். அந்த வீட்டு ஆள் வந்தால்தான் மருந்து எழுதுவார். தோட்டக்காரரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார், போலீஸ்காரரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். இது என்ன பிடிவாதம், மனிதருக்குக் கிறுக்கு என்றே நான் நினைத்திருந்தேன். கூடலூர்ச் சம்பவத்துக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

கூடலூரில் ஜீப்புகள் குமுளிக்கு ஆள் ஏற்றும் இடத்துக்குப் பின்னால் ஒரு தெரு. வெறிநாய், உடனே வாருங்கள் என்று ஒருவர் வண்டியில் பறந்து வந்தார். நாங்கள் போனபோது தெருவே திரண்டு நின்றது. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நாட்டு நாய் ஒண்டிக் கிடந்தது. வாயெல்லாம் நுரை. முகத்தைச் சேற்றில் போட்டுத் தேய்க்கிறது, முன்னங்கால்களால் வாயைப் பிறாண்டுகிறது, அழுகிறது. ஆண்கள் எல்லோர் கையிலும் கட்டை. முன்னால் நின்றவர் கையில் இருந்தது தென்னை மட்டையின் அடித்துண்டு, ஓங்கியபடி நின்றார். ஒரு சத்தம் போதும், எல்லாரும் பாய்ந்திருப்பார்கள்.

சார் ஜீப்பிலிருந்து முக்காலியை இறக்கி, தெரு நடுவில், நாய் எட்டாத தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். “சார், எந்திரிங்க சார்” என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவரு யாரையும் பாக்கல” என்றார். “இவரு கவனம் முழுக்க வாயில இருக்கு. வாய் அரிக்குது இவருக்கு. ஒருத்தரும் கிட்டப் போகாதீக, ஒருத்தரும் அடிக்காதீக. காலைல சோறு வச்சது யாரு?”

ஒரு பெண் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். “நாந்தான் சார். பழைய சோறுதான் வச்சேன்.”

“சோத்துக்கு அப்புறம்?”

அந்தப் பெண் திரும்பித் தன் கொழுந்தனைப் பார்த்தார். தென்னை மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றவர்தான் கொழுந்தன். மட்டை மெதுவாக இறங்கியது.

“பின்னங்கால இழுத்து இழுத்து நடந்துச்சு சார். பெரண்டை எலும்புக்கு நல்லதுன்னு சொன்னாக. வேலியில கெடந்ததை ஒடிச்சு அரைச்சு, உருண்டையா உருட்டி வாய்க்குள்ள வச்சு விட்டேன்.”

“பச்சையாவா?”

“ஆமா சார்.”

“உங்க வீட்ல பெரண்டைத் துவையல் அரைச்சா புளி போடுவாகளா மாட்டாகளா?”

“போடுவாக. இல்லாட்டி நாக்கு அரிச்சுப் பிச்சுக்கிரும்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாய்க்கு எதுக்கு சார் புளி?” என்று கேட்டார்.

அந்த மனிதர் உண்மையாகவே கேட்டார். அக்கறையாக மருந்து அரைத்து ஊட்டியதும் அதே கை, மண்டையைப் பிளக்க மட்டையைத் தூக்கியதும் அதே கை. ஊட்டிய பிறகுதான் நுரை தள்ளியது என்று அவருக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. சார் கட்டையை எல்லாம் கீழே போடச் சொன்னார். அரிப்பு அடங்க ஒரு சட்டியில் மோரை ஊற்றி நீளக் கம்பால் தள்ளிவிட்டோம். நாய் சட்டியையே நக்கித் தீர்த்தது. ஆனாலும் சார் எதையும் நம்பி விட்டுவிடவில்லை. ஆளில்லாத கொட்டகையில் அடைத்து வைத்து, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தினமும் போய்ப் பார்த்தார். அது மறுநாளே சோறு கேட்டுக் குரைத்தது.

சார் ஓய்வு பெற்றுப் போடிக்குப் போனபோது அந்த முக்காலியை எனக்கு விட்டுவிட்டுப் போனார். நானும் அதில் உட்கார ஆரம்பித்தேன். வாயை மோந்து பார்க்கவும் பழகிவிட்டேன். என் மகன்கள் இரண்டு பேரும் நான் கை கழுவினால் மட்டும் போதாது, முகமும் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

மூலிகைப் பொடிகளைப் பற்றி நிவேதா கேட்டதற்கு என் பதில் சுருக்கமானது. சில நாய்களுக்குக் கொஞ்சம் கேட்கும், சிலதுக்குக் கேட்காது. கேட்டாலும் மெதுவாகத்தான். எடையைக் குறைக்காமல், வழுக்குகிற டைல்ஸ் தரையில் ஒரு சாக்கைக்கூட விரிக்காமல், பொடியை மட்டும் கொட்டினால் காசுக்குப் பிடித்த கேடு. வேறு மருந்து ஓடும்போது கூடச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. இலை என்பதால் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறவர்களுக்கு அரளியும் இலைதான் என்று சொல்லு என்றேன். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரியாததைச் சொல்லத்தான் கதையைக் கோம்பைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

சுருளிவேல் கோம்பையில் ஜீப் வைத்து ஓட்டுபவர். விடியுமுன் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவார். அவர் வளர்த்தது அந்த ஊர்ப் பெயரிலேயே உள்ள அசல் கோம்பை இன நாய். செம்மண் நிறம், கரிய வாய், பெயர் ராசு. பள்ளத்தாக்கில் பாதி வீட்டுக் குட்டிகளுக்கு ராசுதான் அப்பன் என்று சொல்லிக்கொள்வார். ராசு எப்போதும் ஜீப்பில் முன் சீட்டில்தான் வரும். கண்ணாடிக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு, சவாரி பிடித்தவர்போல.

வயதாகி, வாயைச் சுற்றிக் கருப்பு மாறி நரை விழுந்த பிறகு ராசு நொண்ட ஆரம்பித்தது. சுருளிவேல் கொண்டுவந்தார். எப்படி நொண்டுகிறது என்று கேட்டேன். மனிதர் முற்றத்தில் கைகளை ஊன்றிக் குனிந்து நடந்தே காட்டிவிட்டார். “காலைல எந்திரிச்சா இப்படி மேடம். கொஞ்சம் நடந்தா இப்படி. ஜீப்ல இருந்து எறங்குறப்ப இந்தப் பின்னங்கால இப்படித் தூக்கிக்கிருவான்.” அப்படியே நாய்தான். என் உதவியாளர்கள் சிரித்து உருண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாசம்தான் வந்தது. இவ்வளவு உன்னிப்பாக ஒரு ஜீவனைப் பார்க்கிற மனிதர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். மதுரைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னேன். மறுநாளே தோட்டச் சவாரியை நிறுத்திவிட்டு எடுத்துவந்தார். பின்னங்கால் முட்டியும் இடுப்பும் தேய்ந்திருந்தன.

“இங்கிலீஷ் மருந்து மட்டும் வேணாம் மேடம். மூலிகையாக் குடுங்க” என்று கெஞ்சினார். வலி குறைய முதலில் கொஞ்ச நாளுக்கு மட்டும் மாத்திரை, அதோடு மஞ்சளும் சாம்பிராணிப் பிசினும் சேர்ந்த மூட்டுப் பொடி என்று எழுதினேன். பொடி எடைக்குத் தக்க அளவு, ராசுவுக்கு ஒரு ஸ்பூன், பாலில் கலந்து வைக்க வேண்டும். மாத்திரை தீர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். எல்லாம் ஒப்பித்துக் காட்டிவிட்டுத்தான் போனார்.

திரும்ப வந்தபோது ராசு அப்படியே நொண்டியது. டப்பா காலி. இவ்வளவு சீக்கிரம் காலியாகாதே என்று கேட்டேன். “வீட்ல அளந்துதான் போடுறா மேடம்” என்றார். மாத்திரையை நிறுத்தவில்லை, நாய்க்கு இன்னும் வலிக்கிறது என்று வீட்டில் சொன்னார்களாம், பழைய அட்டையைக் காட்டிக் கடையில் வாங்கியிருக்கிறார். அதற்கு ஒரு சத்தம் போட்டேன். இவ்வளவு நாள் வலி மாத்திரை தின்ற நாயின் சிறுநீரகம் என்ன ஆனதோ என்று பயந்து ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்தது. ஒரு குறையும் இல்லை, இளநாயின் ரத்தம் போல இருந்தது. கோம்பை நாய் என்றால் கோம்பை நாய்தான் என்று நான் பெருமைகூடப் பட்டேன். மாத்திரை இனி கூடவே கூடாது, பொடி மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது முறையும் அதே நொண்டல், அதே காலி டப்பா. நான் முக்காலியில் உட்கார்ந்து ராசுவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். வாயை மோந்தேன். சோறு, கருவாடு. அவ்வளவுதான். அப்போதுதான் தாடையில் இருந்த நரை முடியைப் பார்த்தேன். அந்தப் பொடியைத் தொட்டால் என் விரலிலேயே மஞ்சள் பிடித்து, சோப்புப் போட்டாலும் போகாது. மாதக்கணக்கில் அதைத் தின்ற நாயின் வெள்ளைத் தாடி மஞ்சளாகியிருக்க வேண்டும். ராசுவின் தாடி தும்பைப் பூப்போல இருந்தது.

“சோறு வைக்கிறது யாரு?”

“வீட்லதான்.”

“நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

“அவ எதுக்கு மேடம்? தோட்டத்துக்கு வேலைக்குப் போகணும்ல.”

“அவங்க வந்தாத்தான் மருந்து.”

மறுநாள் ஜீப் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து ராசு இறங்கியது. நான் முற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜீப்பின் பின்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் பின்னோக்கி இறங்குவது தெரிந்தது. முதலில் இடது கால், பிறகு இரண்டு கையாலும் வலது தொடையைப் பிடித்துத் தூக்கி வைத்த வலது கால். கேட்டிலிருந்து என்னை நோக்கி நடந்து வந்தாள். நான் உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஏறியது, பக்கவாட்டில் சாய்ந்தது, ஏறியது. என் கண் என்னைக் கேட்காமலே அதன் வேலையைச் செய்தது. நொண்டுகிற உருப்படி இதுதான் என்றது.

அவள் பெயர் ஈஸ்வரி. வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். ராசு ஓடிப்போய் அவள் சேலையில் முகத்தைப் புதைத்தது.

“பொடியை எப்படிம்மா வைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“பால்ல கரைச்சுத்தான் மேடம்.” அவள் வாயைத் திறந்ததும் எனக்கு வாசம் வந்துவிட்டது. மஞ்சள், சாம்பிராணிப் பிசின்.

“அதைக் குடிக்கிறது யாரு ஈஸ்வரி?”

அவள் புருஷனைப் பார்த்தாள், ராசுவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

“ராசுக்கும் வச்சேன் மேடம். மொதல்ல பாதி பாதிதான். அப்புறம் எனக்குத் தாங்கல. மலையில ஏறுறது கூட ஏறிருவேன், எறங்க முடியல.” பிறகு வேகமாகச் சொன்னாள்: “ராசுக்கு எண்ணெய் காய்ச்சித் தெனமும் தேச்சு விட்டுருவேன். சும்மா ஏமாத்தல.”

“எவ்வளவு குடிச்சீங்க?”

“அவன் எடைக்கு ஒரு ஸ்பூனுன்னு நீங்க சொன்னதா இவுக சொன்னாக. நான் அவனைப் போல ரெண்டு மடங்கு இருப்பேன்ல. அதான் ரெண்டு ஸ்பூன்.”

நான் எத்தனையோ பேருக்கு எடைக்குத் தக்க அளவு என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை. இவள் ஒருத்திதான் கேட்டிருக்கிறாள்.

“மாத்திரை?” என்றேன்.

“அதுந்தான். ரெண்டும் ஒரே கவர்ல வந்துச்சு. ரெண்டும் பச்சிலை மருந்துன்னு நெனச்சேன். அதைப் போட்டாத்தான் நல்லாக் கேட்டுச்சு மேடம். நீங்க நிறுத்தச் சொன்ன பெறகும் பழைய அட்டையைக் காட்டி நானே கடையில வாங்கிக்கிட்டேன்.”

“மேல நாய்ப் படம் போட்டிருக்கே ஈஸ்வரி!”

“படத்தையா திங்கப் போறோம்?”

நான் எழுந்து அவளை வெளிச்சத்தில் நிறுத்தினேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. குடற்புழு விழுந்த ஆட்டுக்குச் செய்வது போலவே கட்டை விரலால் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதமாக வெளுத்திருந்தது. அப்படி ஓர் இமையோடு ஒரு ஆடு வந்திருந்தால், வீட்டுக்குப் போய்ச் சேராது என்று சொல்லியிருப்பேன். இவள் அதோடு மலை ஏறிக்கொண்டிருந்தாள். பாதத்தைப் பார்த்தேன். வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது.

“வெளிக்குப் போனா கருப்பாப் போகுதா?”

“தார் மாதிரிப் போகுது. பொடி கலருன்னு நெனச்சேன்.”

“பொடி மஞ்சள்ம்மா!” கத்திவிட்டேன். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி உள்ளுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள மனித வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. நாய்க்கு என்ன ஆகியிருக்கும் என்று பயந்து நான் ரத்தப் பரிசோதனை செய்தேனோ, அது அவ்வளவும் இவளுக்கு நடந்துகொண்டிருந்தது.

சுருளிவேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. வாயைத் திறந்தார்.

“அப்ப ராசுக்கு இத்தன நாளா மருந்தே போகலியா மேடம்?”

என் சர்வீஸில் நான் பார்க்காததில்லை. கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து கைப்பிடியோடு கரண்டி எடுத்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு கேள்வி போல எதுவும் என்னை அடித்ததில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

“யோவ், உன் பொண்டாட்டி சாகக் கெடக்கா. ராசு எந்தக் கால எப்படித் தூக்குவான்னு தரையில நடந்து காட்டினியே. இவளுக்கு எந்தக் கால் வலிக்குது? சொல்லு பாப்போம்.”

அவர் ஈஸ்வரியின் கால்களைப் பார்த்தார். சேலைக் கரையைத்தான் பார்த்தார். தினமும் அதே ஜீப்பில், அவருக்குப் பின்னால்தான் அவள் மலைக்குப் போய்வந்தாள்.

“ரெண்டுந்தான் மேடம்” என்றாள் ஈஸ்வரி. “அவுகளை வையாதீக. நான் சொல்லவே இல்ல. சொன்னா ஆஸ்பத்திரி, வேலை கெடும். ராசு டப்பாவுல எனக்கும் சேத்து இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.”

வாதாட நேரமில்லை. மருந்தகத்திலிருந்து அதே மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துவந்து சுருளிவேலின் சட்டைப் பையில் திணித்து, “பெரியாஸ்பத்திரியில மொதல்ல இதைக் காட்டு. நாய் மாத்திரை தின்னான்னு சொல்லு, கூச்சப்படாத” என்றேன். அவர் ஜீப்பின் முன் கதவைத் திறந்தார். ராசு வழக்கம்போல அதில் ஏறப் போனது. அவர் அதை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் விட்டார். ஈஸ்வரிக்கு அந்தப் படியில் கால் எட்டவில்லை. நான் முக்காலியைத் தூக்கிவந்து கீழே போட்டேன். அதில் மிதித்து ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாதவள்போல டேஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தாள். ராசு பின்னாலிருந்து ஊர் எல்லை வரைக்கும் ஊளையிட்டுக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றில் புண் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சிறுநீரகமும் தடுமாறியிருந்தது, தேறிவிடும் என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாராம். அன்றைக்கு ஜீப் போன பிறகு நான் முக்காலியை எடுத்து உள்ளே வைத்தேன். அந்த நாய்க்கு எக்ஸ்ரே எடுக்க மதுரைக்குப் போன ஜீப்பில் ஈஸ்வரியும் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள், நாயைப் பிடித்துக்கொள்ள. இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்தபோது மறுபடியும் முதல் நாள் போலவே அதிர்ந்தேன்.

சில மாதம் கழித்து ஜீப் வந்தது. முன் சீட்டில் ஈஸ்வரி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ரத்தம் ஊறியிருந்தது. மலை வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். முட்டிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். பின்னாலிருந்து ராசு குதித்து வந்தது. நொண்டல் போய்விடவில்லை, குறைந்திருந்தது. முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். தாடி மஞ்சளாக இருந்தது.

“சோறு வைக்கிறது யாரு?” என்றேன்.

“இப்ப நாந்தான் மேடம்” என்றார் சுருளிவேல். கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னார். பிறகு ஜீப்பில் கைவிட்டு, புதிதாக வாங்கிய இரண்டு டப்பாக்களை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார். இரண்டிலும் நாய் துள்ளிக்கொண்டிருந்தது. ஒன்றில் கொட்டை எழுத்தில் ராசு என்று எழுதியிருந்தார். இன்னொன்றில் ஈஸ்வரி என்று.

“மாத்திரைதான் கெடுதல்னு ஆஸ்பத்திரில சொன்னாக. பொடி மூலிகைதானே மேடம்? இனிமே அவ யாரு பங்கையும் எடுக்க வேணாம்னு தனியா வாங்கிட்டேன்.”

ஈஸ்வரி பெயர் போட்ட டப்பாவை வாங்கிக்கொண்டேன், அதை அவர் தலையிலேயே போடலாமா என்று கை பரபரத்தது. இது நாய்க்குச் செய்ததய்யா என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது. எக்ஸ்ரே எடுத்துவந்து நீட்டிய அன்று இருந்த அதே முகம்.

முன் சீட்டிலிருந்து ஈஸ்வரி தலையை வெளியே நீட்டினாள்.

“நான் திங்கல மேடம். சொல்லிப் பாத்துட்டேன், இவுக கேக்கல” என்றாள். “ஆனா எம்பேரு எழுதிருக்காகல்ல. குடுத்துருங்க, அடுப்படியில வச்சுக்கிறேன்.”